மிருதுளா பொருத்த வேண்டிய தண்டவாளம்

“டாக்டரம்மா, இந்த வாரம் என் பொண்ணு ரயிலைப் பத்திக் கேக்கவே இல்லீங்க” என்றார் குழந்தைவேல்.

டாக்டர் திலகராணி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வாயைத் திறங்கண்ணா.”

“பல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் வந்தது வேற விஷயமா...”

“தெரியும். திறங்க.”

குழந்தைவேல் திறந்தார்.

*

குரு என்றால் தாடி வேண்டும். காவி வேண்டும். மலைமேல் ஒரு குகையாவது வேண்டும். ஈரோட்டில் அந்த வசதியெல்லாம் கிடையாது. இங்கே குருவுக்கு முப்பத்தைந்து வயது. கீழே பல் ஆஸ்பத்திரி, மாடியில் பொம்மை ரயில்.

பொம்மை ரயில் என்று உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தின் காதில் விழுந்தால் அடிக்க வருவார்கள். மாதிரி ரயில் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரில் அந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பலகை. பலகையின் மேல் மலை, ஆறு, ஸ்டேஷன், கட்டை விரல் உயரத்துக்கு மனிதர்கள். பொங்கல் லீவில் எல்லாரும் அவரவர் பலகையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு மாடிக்கு வருவார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைப்பார்கள். ஒருவர் ஊரில் கிளம்பும் ரயில் எல்லார் ஊரையும் தாண்டி ஓடும். பெரிய மனிதர்களெல்லாம் தரையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள்.

குழந்தைவேல் மட்டும் தன் பலகையைக் கொண்டுவந்ததே இல்லை. கேட்டால், “என்னுது வட்டமுங்க. வீட்டுக்குள்ளயே சுத்தும்” என்பார்.

திலகராணியைக் குரு என்று முதலில் கேலியாகத்தான் அழைத்தார்கள். அவரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. ‘கூரைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்?’ என்று கேட்டால், ‘அங்கே மழை பெய்யுமா?’ என்று கேட்பார். கேட்டவர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் மழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். நாளாக ஆகக் கேலி போய்விட்டது. குரு தங்கிவிட்டார்.

இன்னொரு கெட்ட பழக்கமும் அவருக்கு உண்டு. எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்பார்.

*

“கடைவாய்ல ஒரு சொத்தை இருக்குண்ணா. வந்தது வந்தீங்க, அடைச்சுடறேன்” என்றார் திலகராணி.

பஞ்சு வைத்தாயிற்று.

“உங்க ரயில் எங்கே போகுது?”

“ம்... ம்ம்...”

“அவசரமில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்லுங்க. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது. பேசவும் வேண்டாம்.”

குழந்தைவேல் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

குழந்தைவேலுக்கு மஞ்சள் மண்டி. விரல் நுனிகளெல்லாம் எப்போதும் மஞ்சளாக இருக்கும், எந்த சோப்புக்கும் அசையாது. வாரம் முழுக்க ஏலம், மூட்டை, லாரி. சனியும் ஞாயிறும் மண்டிக்கு லீவு.

அவரும் மனைவி சுகந்தியும் பிரிந்தபோது மகள் மிருதுளாவுக்கு ஒன்பது வயது. மற்ற நாளெல்லாம் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று கோர்ட்டில் முடிவானது.

ஒன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழுக்க என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சோறு போடலாம். கடைவீதிக்குக் கூட்டிப்போகலாம். அப்புறம்? இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து விருந்தாளிகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ரயில் வந்தது. மாடி அறையில் ஒரு பெரிய பிளைவுட் பலகை. ஒரு நீல எஞ்சின். ஒரு பெட்டி நிறையத் தண்டவாளத் துண்டுகள்.

அதற்குப் பிறகு, சனிக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றும்போதே மிருதுளா, “இன்னிக்கு என்ன வேலைப்பா?” என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சனிக்கிழமை ஒன்று வந்துவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் பிளான் போட ஆரம்பித்தார். மண்டிக் காலண்டரில் சனி, ஞாயிறு கட்டங்களை மட்டும் நிரப்பினார். குகை என்றால், பிளாஸ்டர் பூசுவது அப்பா, உள்ளே கறுப்பு அடிப்பது மிரு. பாலம் என்றால், ஒட்டுவது அப்பா, பெயின்ட் மிரு. வயல் என்றால், மரத்தூள் பரப்புவது அப்பா, மேலே மஞ்சள்பொடி தூவுவது மிரு. மஞ்சள் வியாபாரி வீட்டு வயலில் வேறு என்ன பூக்கும்?

கடைசிக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார். வட்டத்தை மூடும் கடைசித் தண்டவாளம், மிரு. சுவிட்ச் போடுவது, மிரு.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மிருதுளா வரவில்லை.

அதற்கு வெகு முன்பே சுகந்திக்கு வங்கியில் திண்டுக்கல்லுக்கு மாற்றல் ஆகியிருந்தது. அவள் பிறந்த ஊரே அதுதான். மகளைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். முதலில் மாதம் ஒருமுறை தாய்மாமன் மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப்போனார். அப்புறம் பரீட்சை வந்தது. அப்புறம் டியூஷன் வந்தது. அப்புறம் காரணம் சொல்வதும் நின்றுபோனது.

குழந்தைவேல் பிளான் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை காலையில் மாடிக்குப் போவார். தன் பாதியைச் செய்வார். மிருதுளாவின் பாதியை அப்படியே விட்டுவைப்பார்.

அதனால் பாலத்துக்குப் பெயின்ட் இல்லை. குகைக்குள் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஸ்டேஷனுக்குப் பெயர் இல்லை. மிருதுளா முன்பு தூவிய மஞ்சள், ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்தது. வட்டத்தில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடத்தில் வைக்க வேண்டிய துண்டு மட்டும் பலகையின் ஓரத்தில் காத்துக்கிடந்தது. தினமும் துடைத்ததில் அது ஒன்றுதான் அந்த அறையில் பளபளவென்று இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் போன் வரும்.

“ட்ரெயின் ஓடுதாப்பா?”

“நீ வந்ததும் ஓடும் கண்ணு.”

“சரிப்பா.”

வாரா வாரம் இவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்காகத்தான் மனிதர் மற்ற நாளெல்லாம் மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு மிருதுளா பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். மழையைப் பற்றிச் சொன்னாள். “வச்சுடட்டுமாப்பா?” என்று வைத்துவிட்டாள்.

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதைக் கேட்க மறுபடியும் கூப்பிடுவாள் என்று நினைத்தார். கூப்பிடவில்லை.

*

திண்டுக்கல் என்ன கண்காணாத தேசமா, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

பிரிந்த சமயத்தில் மாமனார் வீட்டு வாசலில் பெரிய சண்டை. குழந்தைவேல் இரும்புக் கேட்டை ஓங்கி அறைந்து, “இனிமே இந்தப் படியை மிதிச்சா நான் குழந்தைவேல் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

மண்டியில் அவர் வாக்குக்குத் தனி மரியாதை. ஏலத்தில் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். அதே வீறாப்பை மாமனார் வீட்டு வாசலிலும் காட்டினார்.

மகள் வரட்டும் என்று காத்திருந்தார். காத்திருப்பதற்குப் பிளான் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

*

அடுத்த சனிக்கிழமை பதிலோடு வந்தார்.

“ஈரோட்டுல கெளம்புதுங்க. குகைக்குள்ள பூந்து, பாலத்துல ஏறி, வயல் ஓரமா வந்து மறுபடி ஈரோட்டுலயே நிக்குதுங்க.”

“சரி. மிருதுளா எங்கே இறங்குவா?”

“ஈரோட்டுலதானுங்க. என்ற ஸ்டேஷன்ல.”

“எங்கே ஏறுவா?”

இந்த முறை வாயில் பஞ்சு இல்லை. ஆனாலும் குழந்தைவேலின் கை கன்னத்துக்குப் போயிற்று.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

*

குருவின் கேள்வி புரிந்துவிட்டது என்று நினைப்பவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. குழந்தைவேலுக்குப் படி இறங்குவதற்குள் புரிந்துவிட்டது.

பலகையில் திண்டுக்கல் இல்லை! திண்டுக்கல் இல்லாத ரயில்பாதையில் மகள் எங்கே ஏறுவாள்?

காலண்டர் கட்டங்களை அழித்தார். புதிதாக எழுதினார். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் திண்டுக்கல் முளைத்தது. முதலில் ஸ்டேஷன். அப்புறம் மலைக்கோட்டை. பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் மலை நன்றாக வரும் என்று டாக்டரிடமே ஒரு பை வாங்கிப்போனார்.

“மலை எப்படி வந்திருக்கு?” என்று ஒருநாள் டாக்டர் கேட்டார்.

“உள்ளபடியே வந்திருக்குதுங்க.”

“போய்ப் பாத்தீங்களா?”

“மனசுல இருக்குதுங்களே.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

அப்புறம் மாமனார் தெரு. கடைசியாக மாமனார் வீடு. தீக்குச்சியில் ஜன்னல் செய்தார். மாடிக் கைப்பிடிச் சுவர், அதில் துணி காயும் கொடி எல்லாம் வைத்தார். மாப்பிள்ளையாக முதன்முதலில் போனபோது காலில் தண்ணீர் ஊற்றிய இடம், மிருதுளா பிறந்த வாரம் கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்ற இடம் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. செய்யச் செய்ய மனது இளகியது. மிருதுளா அந்த மாடியில் நின்று தலை துவட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டின் முன்னால் கேட் வைத்தார். பெயின்ட் அடிக்க பிரஷ்ஷை எடுத்தார்.

என்ன நிறம்?

பச்சையா, நீலமா? அறைந்த சத்தம் ஞாபகம் இருந்தது. உள்ளங்கை எரிந்தது ஞாபகம் இருந்தது. நிறம் மட்டும் வரவே இல்லை.

*

“டாக்டரம்மா, மாமனார் வீட்டுக் கேட்டுக்கு என்ன கலர் அடிக்கட்டுமுங்க?”

திலகராணி முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

“எங்கிட்டயா கேக்கறீங்க?”

அவ்வளவுதான். குழந்தைவேலுக்குக் கோபம் வந்தது. இந்த அம்மாவிடம் ஒன்றைக் கேட்டு ஒன்றை வாங்கிப்போக முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

*

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது.

“கண்ணு, தாத்தா வீட்டுக் கேட்டு என்ன கலரு?”

“எதுக்குப்பா?”

“சும்மாதான் சாமி. சொல்லேன்.”

“பச்சைன்னு நினைக்கிறேன். தெரியலைப்பா. நாங்க இப்ப அங்கே இல்லையே.”

“எங்கே இல்லை?”

“தாத்தா வீட்டுல. நாங்க வீடு மாத்தி ரொம்ப நாளாச்சே. ஸ்கூல் திறந்தப்பவே மாத்திட்டோம். உங்களுக்குத் தெரியாதாப்பா?”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“அப்பா?”

“ம்.”

“இங்கேயிருந்து ஸ்கூல் பக்கம்பா. நானே நடந்து போயிடுவேன். நல்லா இருக்குப்பா.”

பதின்மூன்று வயதுக் குழந்தை அப்பனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தது.

குழந்தைவேல் மாடிக்குப் போனார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். தீக்குச்சி ஜன்னல். துணிக்கொடி. நிறமில்லாத கேட். அந்த வீட்டுக்குள் அவர் மகள் இல்லை. எந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. எந்தத் தெருவில் நடக்கிறாள் என்று தெரியாது. இத்தனை நாளாக எந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று நின்றாரோ, அந்தப் படியில் அவளும் மிதிப்பதில்லை.

பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். மண்டியில் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை.

*

மறு சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஞாயிறு காலையில் டாக்டரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தோல் பை.

மாடிக்குப் போய்ப் பலகையைச் சுற்றி வந்தார். குனிந்து குகைக்குள் பார்த்தார். பாலத்தைத் தொட்டுப் பார்த்தார். மாமனார் வீட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“நல்ல வேலைண்ணா” என்றார்.

“என்னத்த நல்ல வேலைங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா. இந்த இடைவெளிய நானே மூடிரட்டுமா? இல்ல, அவ வர்ற வரைக்கும் இப்படியே கெடக்கட்டுமா? என்னால முடியலீங்க.”

டாக்டர் பையைத் திறந்தார். பல் சுத்தம் செய்யும் கொக்கி ஒன்றை எடுத்தார். ஸ்டேஷனைத் தாண்டி, இடைவெளிக்கு முன்னால் வட்டம் வளைந்து திரும்புகிற இடத்தில் நுனியைக் கொடுத்து நெம்பினார். வளைவுத் தண்டவாளம் கையோடு வந்துவிட்டது.

“டாக்டரம்மா! வட்டம் போச்சு!”

அவர் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து நேரான துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய பாதை வளையாமல் நேராகப் பலகையின் விளிம்புவரை போய் நின்றது. அதற்கு மேல் காற்றுதான்.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டார்.

நீல எஞ்சின் முனகியது. ஒருமுறை உதறிக்கொண்டது. நகர ஆரம்பித்தது. ஸ்டேஷனைத் தாண்டியது. வேகம் பிடித்தது.

“கீழ விழுந்துரும்ங்க!”

“ஆமா. பிடிங்க.”

குழந்தைவேல் பாய்ந்தார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். எஞ்சின் விளிம்பைத் தாண்டி அவர் கைக்குள் விழுந்தது. உள்ளங்கையில் லேசாகச் சூடு தெரிந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அவ கையாலதான் மொதல்ல ஓடணும்னு வெச்சிருந்தேனுங்க” என்றார். “இத்தன நாளா அதுக்குன்னே வெச்சிருந்தேன். இப்படிப் பண்ணிப்போட்டீங்களே.”

“அவ கை இங்கே இல்லையேண்ணா.”

டாக்டர் கொக்கியைத் துடைத்துப் பையில் வைத்தார். பலகையோரத்தில் பளபளவென்று கிடந்த துண்டை எடுத்து, எஞ்சினோடு சேர்த்து அவர் கையில் வைத்தார். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

“எங்க மாடியில பலகைகளைச் சேர்ப்போமே, அதுக்கு ஒரே ஒரு விதிதான். ஓரம் ஒத்துப்போகணும். உள்ளே மலையை வைங்க, கடலை வைங்க, யாரும் கேக்க மாட்டாங்க.”

போய்விட்டார்.

குழந்தைவேல் இரண்டு கையிலும் எஞ்சினை ஏந்திக்கொண்டு, வழி முடிந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கேயாவது கொண்டுபோய் வைத்தாலொழிய கையைப் பிரிக்க முடியாது போல இருந்தது.

*

சுகந்தியைப் போனில் கூப்பிட்டார். கோர்ட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

“வீட்டு விலாசம் வேணும். மிருவைப் பாக்கணும். உனக்குச் சம்மதம்னா.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அனுப்பறேன்” என்றாள் சுகந்தி. அப்புறம், “பஸ்ஸா, ட்ரெயினா?”

“ட்ரெயின்.”

“அப்ப ஸ்டேஷன்லயிருந்து ஆட்டோ வெச்சுக்குங்க. நடந்தா தூரம்.”

*

அந்த வாரம் காலண்டர் கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.

முழம் நீளத்துக்கு ஒரு பலகை அறுத்தார். அதன் நடுவில் மிருதுளாவின் துண்டை வைத்து நூலால் கட்டினார். ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் விளிம்பு திறந்திருந்தது. மலை இல்லை, பாலம் இல்லை, பெயின்ட் கூட இல்லை. ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டார். எஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பாசஞ்சரில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

“என்னங்க அது, பலகையா?” என்றார் எதிர்சீட்டுக்காரர்.

“தண்டவாளமுங்க.”

“ரயிலுக்குள்ளயே தண்டவாளமா!” என்று அவர் சிரித்தார். “எங்கே போகுது?”

“திண்டுக்கல்” என்றார் குழந்தைவேல்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடுமுடி போயிற்று. கரூரில் அமராவதிப் பாலத்தின் மேல் ரயில் தடதடத்தது. அந்தப் பாலத்தின் நிறத்தைப் பார்த்தார், அவர் மனதில் வைத்திருந்த நிறம் இல்லை. வெகுநேரம் கழித்துத் தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. அவர் செய்ததைப் போலக் கூராக இல்லை. தலையணையைப் போட்டதைப் போல மொழுமொழுவென்று கிடந்தது.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கு அவளைத் தெரியுமா என்று அடுத்த நினைப்பு வந்தது.

*

ஆட்டோ ஒரு சந்தின் முனையில் நின்றது.

சுகந்தி அனுப்பிய விலாசத்தில் கீழே ஒரு தையல் கடை. பக்கத்தில் மாடிக்கு ஏறும் குறுகலான படி. படி நேராகத் தெருவிலேயே இறங்கியது. அந்த வீட்டுக்குக் கேட்டே இல்லை.

படியில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். அம்மா சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ தெரியாது.

எழுந்து நின்றாள். அவர் மனதில் இருந்த மிருதுளாவைவிட ஒரு தலை உயரம். ஓடிவரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“வாங்கப்பா” என்றாள், விருந்தாளியை அழைப்பதைப் போல.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்ஷீட்டைப் பிரித்தார்.

“இது என்னப்பா?”

“உன்ற துண்டு கண்ணு. நீ பொருத்த வேண்டியது.”

மிருதுளா விரலால் தண்டவாளத்தைத் தொட்டாள். நூலைத் தொட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து எஞ்சினை எடுத்தார். நீலத்தின் மேல் மஞ்சள் கைரேகை பதிந்திருந்தது. நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“ஏம்பா இவ்வளவு நாள் வரலை?”

அவரிடம் நிறையப் பதில் இருந்தது. தாத்தா வீட்டு வாசல் இருந்தது. கோர்ட் இருந்தது. மண்டி இருந்தது. வாயில் உண்மையான ஒன்றுதான் வந்தது, அதுதான் எல்லாவற்றிலும் அசட்டுத்தனமாக இருந்தது.

“நம்ம ட்ரெயின் இன்னும் ஓடலியே கண்ணு. வேலையெல்லாம் முடியட்டும், நீ வந்து ஓட்டுவேன்னு...”

மிருதுளாவின் கண் நிறைந்துவிட்டது.

“நீங்க இப்ப வந்த ட்ரெயின் தினமும் ஓடுதேப்பா” என்றாள்.

அவர் பலகையை ஏந்தியபடியே நின்றார்.

அவள் ஒரு படி இறங்கி வந்து, பலகையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.